கொல்லை அடுப்படியில் ஒரு செம்புத் தகடு

வீட்டுக்குப் பின்னால் ஓர் அடுப்படி போட்டு அதற்குக் கரண்டு இழுப்பதற்குள் நான் நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டேன். கொத்தனார், எலக்ட்ரிக் கடைக்காரர், வயர்மேன், என் மனைவி. முதல் இரண்டு சண்டைக்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. மற்ற இரண்டையும் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன். இருபத்தாறு வருஷமாக. வெளியூர்க்காரர்கள் பட்டாசு ஆபீஸ் என்றால் நான் ஏதோ மேஜை போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். நாள் முழுக்க வேகாத வெயிலில் ரூமுக்கு ரூம் நடந்து, ‘செய்யாதே’ என்று சொல்வதுதான் என் உத்தியோகம். பெட்டியை இழுக்காதே, தூக்கு. நைலான் சேலை கட்டி வராதே. கொலுசைக் கழற்று. செல்போனை வாசலில் கொடு. கேட்டவர்கள் கேட்டார்கள், கேட்காதவர்களைத் திருப்பி அனுப்பினேன். என்னைக் கண்டால் பல பேருக்குப் பிடிக்காது. ஆனால் என் கைக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குத்தான் போனார்கள்.

வெடிமருந்து கலக்கிற ரூம் ஒவ்வொன்றின் வாசலிலும் இடுப்பு உயரத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்போம். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே போகிறவர்கள் உள்ளங்கையை அந்தத் தகட்டில் வைத்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்கவேண்டும். நம் உடம்பிலும் துணியிலும் நமக்கே தெரியாமல் கொஞ்சம் கரண்டு தேங்கி நிற்கும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் போய் மருந்தில் கை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். அதனால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது “தொட்டியா?” என்று கேட்பேன். தூக்கத்தில்கூட அப்படிக் கேட்பதாக என் மனைவி சொல்வாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிவகாசிக்கு வெளியே ஒரு சின்ன வீடு, நானும் அவளும். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் அவள் மாவுதான். வீட்டுக்குள் இருக்கிற அடுப்படியில் ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் வெளியே போகவேண்டும், அம்புட்டு இடம். அதனால் கிரைண்டரைக் கொல்லைப்பக்கம் தகரத்துக்குக் கீழே போட்டிருந்தாள். கரண்டு எப்படி என்றால், ஹாலிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு வயர், அதன் நுனியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அது ஓர் ஆணியில் தொங்கும். மழை வந்தால் பெட்டிக்கு ஒரு பாலித்தீன் கவரை மாட்டிவிடுவாள். ஆபீஸில் ஓர் இரும்புக் கரண்டியைக் கண்டால் பொறி பறக்கும் என்று கத்துகிற நான், இதைப் பல வருஷம் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். வீட்டில் மருந்து இல்லையே என்ற நினைப்பு.

போன ஐப்பசியில் ஒரு காலை. விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொல்லையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால், அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ ஒருத்தருடைய கையைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிரைண்டர்ல கை ஒட்டிக்கிருச்சுங்க. எடுக்க வரல. எப்பிடி விட்டுச்சுன்னே தெரியல” என்றாள்.

நான் செய்த முதல் வேலை, திட்டியதுதான். “ஈரக் கையோட அதை ஏன் தொட்ட?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “மாவாட்டுறவ கை ஈரமில்லாம எப்பிடி இருக்கும்?”

அன்றைக்கு ஆபீஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இல்லாத வீட்டைப் பற்றி அதுவரைக்கும் நான் நினைத்ததே இல்லை. வெம்பக்கோட்டை ரோட்டில் போகிற பஸ்ஸில் அதை நினைத்தேன்.

கிரைண்டரை மெக்கானிக்கிடம் கொடுத்தோம். உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பிரித்துக் காயவைத்துக் கொடுத்தார். ஓடியது. ஆனால் இனிமேல் இந்த ஜன்னல் வயர் வேலையெல்லாம் ஆகாது, கொல்லையில் முறையாக ஓர் அடுப்படி கட்டி, முறையாகக் கரண்டு இழுத்துவிடவேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்கு இனி ஒன்றும் ஆகக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. அதை யார் செய்வது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. பத்திரம் என்கிற விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவன் எங்கள் தெருவில் யார் இருக்கிறான்?

அச்சாபீஸில் கலர் விலகிப்போய் ஒதுக்கின காலண்டர் தாள் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் பிளான் போட்டேன். மூன்று பக்கம் அரைச்சுவர், மேலே தகரம், ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, வாசல் ஓரம் கிரைண்டர், தண்ணீர் போக வழி. அதெல்லாம் சுலபம். கரண்டுக்கு என்று தனியாக ஒரு தாள் எடுத்து, ஆபீஸில் நோட்டீஸ் எழுதி ஒட்டுவதுபோல எழுதினேன். சுவிட்ச் எதுவும் உள்ளே கூடாது. எல்லாம் வீட்டு வெளிச்சுவரில்தான். வயரில் எங்கேயும் முடிச்சு கூடாது. வாசலில் செம்புத் தகடு. தொடாமல் உள்ளே போகக்கூடாது. கீழே ரப்பர் பாய்.

அவள் அதைப் படித்துவிட்டு ஒன்று கேட்டாள். “சுவிட்சு வெளிய இருந்தா, அரைக்கும்போது எதாச்சும் ஆச்சுன்னா நான் எப்பிடி நிப்பாட்டுவேன்?”

“சுவிட்சத் தட்டுனா உள்ள பொறி வரும்ளா. அங்கன கேஸ் இருக்கு. ஆபீஸ்ல எல்லாச் சுவிட்சும் வெளியதான் வச்சிருக்கோம். எதுக்கு வச்சிருக்கோம்னு நெனைக்க?”

“அது ஆபீஸு.”

“எங்கனயும் கரண்டு கரண்டுதான்.”

“கிரைண்டர்லருந்து எட்டு எட்டு வைக்கணும்ங்க அந்தச் சுவருக்கு. நான் அளந்து பாத்தேன்.”

“ஓடு” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. பேச்சை முடித்தது நான்தான்.

கொத்தனார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையைக் கொல்லைப்பக்கம் சரிவாகப் போடச் சொன்னேன். அவர் ஆலங்குளம் சிமெண்டை நன்றாகப் போட்டு, வழவழவென்று இழைத்து, வீட்டுப்பக்கம் சரிவாகப் போட்டுவைத்தார். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். அது நேராக எங்கள் பின்வாசல் படிக்கு வந்து நின்றது. “காஞ்சா சரியாயிரும்” என்றார். சிமெண்டு காய்ந்தால் சரிவு மாறும் என்று ஒரு கொத்தனார் சொல்கிறார். பிறகு அவரே உடைத்து, அவரே முனகிக்கொண்டே மறுபடியும் போட்டார்.

கடைக்காரரிடம் கிரைண்டருக்கு வயர் கேட்டால், சீரியல் செட்டுக்குப் போடுகிற நூல் மாதிரி ஒன்றை அளந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். கேட்டால், “வெளிய லைட்டுக்கு இது போதும் அண்ணாச்சி.” நான் லைட் என்று சொல்லவே இல்லை. கத்தரிக்கோல் வைத்தது வைத்ததுதான், வாங்கித்தான் ஆகவேண்டும் என்றார். நான் வாங்கவில்லை. அந்தக் கடைப்பக்கம் அதற்குப் பிறகு போகவுமில்லை. ஊருக்குள் போய் வேறொரு கடையில் தடித்த செம்பு வயராக வாங்கி, மழையில் வீணாகாமல் இருக்கக் குழாயும் வாங்கி வந்தேன்.

வயர்மேன் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால் “கிளம்பிட்டேன் அண்ணாச்சி” என்பார். எங்கேயிருந்து எங்கே கிளம்பினார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே அவள் அரைத்துக்கொண்டிருந்தாள். “நிப்பாட்டு, ரெண்டு வாரம் மாவு விக்காட்டி என்ன” என்றேன். “வாடிக்கை போயிரும்” என்றாள். காலையில் அவள் கிரைண்டர் போடும்போதெல்லாம் நான் பின்வாசலில் நின்றேன். நின்று என்ன செய்யப்போகிறேன்? ஆனாலும் நின்றேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், அமைதியான ஆள், கை சுத்தம். அவர் வரும் முன்பே நான் வாசல் ஓரம், தகட்டுக் கம்பி மண்ணுக்குள் இறங்க, ஆளுயர எர்த் குழி வெட்டிவைத்திருந்தேன். அடுப்புக்கரி, உப்பு, குழாய் எல்லாம் ஆபீஸில் எப்படிப் போடுவோமோ அப்படியே. மண் கொட்டிக் கொட்டி நான் மிதிக்க, அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். பாத்திரக் கடையில் கனமான செம்புத் தகடாக வாங்கி, புளி போட்டுத் தேய்த்து வாசல் தூணில் பதித்தேன். அது பளபளவென்று இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

வயர்மேன் குழியையும் தகட்டையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, குழிதான் இம்புட்டு அருமையாப் போட்டுருக்கீகளே. இதுலருந்தே கிரைண்டர் பிளக்குக்கும் ஒரு எர்த்து இழுத்துருவமா? நாலடிதான்.”

“வேண்டாம்.”

“இல்ல, மூணாவது ஓட்டைக்கு...”

“தம்பி, இது கைக்கு உள்ள எர்த்து. இதுல மிஷினைக் கோத்துவிடாத. மிஷின்ல இருக்குறது எல்லாம் இந்தத் தகட்டுக்கு வந்துரும். ஆபீஸ்ல இடிதாங்கிக் குழி தனி, தகட்டுக்குழி தனி. ஒண்ணை ஒண்ணுல சேக்க மாட்டோம்.”

“அப்பம் தனியா ஒரு டிரிப்பராவது மாட்டுவோம். கரண்டு கசிஞ்சா டப்புன்னு தானே விழுந்துரும்.”

“அது நெனைச்ச நேரமெல்லாம் விழுந்துக்கிட்டிருக்கும். பாதி மாவுல நின்னா யாரு பதில் சொல்றது? இருபத்தாறு வருஷமா எங்க ஆளுகளை டிரிப்பரா காப்பாத்துச்சு? பழக்கம்தான் காப்பாத்துச்சு.”

அவர் என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பின்வாசலில் நின்ற என் மனைவியையும் ஒரு தடவை பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. “பட்டாசு ஆபீஸ் போர்மேன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். நான் சொன்னபடியே எல்லாம் செய்தார். சுவிட்ச் வெளிச்சுவரில். பிளக்கில் மூன்று ஓட்டை, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்த மனுஷன் சரியானதைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னார். நான் ஆபீஸில் கத்துகிற குரலில் கத்தியதால் அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் கொஞ்சம் திருப்பிக் கத்தியிருந்தால் என்ன?

முதல் நாள் அவளுக்குப் பாடம் எடுத்தேன். புதுசாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எடுக்கிற அதே பாடம். “இந்தா, இங்க நில்லு. உள்ளங்கை முழுசாப் படணும், விரல் நுனி வச்சா போதாது. வெளிய போய்ட்டு ஒவ்வொரு வாட்டி வரும்போதும். மறந்தேன்னு சொல்லக்கூடாது.” அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, தகட்டில் கையை வைத்து, ரப்பர் பாயில் ஏறி நின்றாள். கிரைண்டர் ஓடியது. புது லைட் எரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மனைவியைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து சொன்னாள்.

“அந்தத் தகட்டத் தொட்டாத்தான் சுர்ருங்குது. மத்த நேரம் ஒண்ணும் இல்ல.”

“எப்பம்?”

“வெளிய போய்ட்டு வந்து, ஒரு கையால மாவைத் தள்ளிக்கிட்டு இந்தக் கையால தகட்டத் தொட்டா. தோள்வரைக்கும் ஏறுது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். “பாத்தியா, இழுக்குது. ஒடம்புல இருக்குறதை இழுத்து மண்ணுக்கு விடுது. வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“வலிக்குதுங்க.”

“அதுக்குப் பயந்து தொடாம இருந்துராத.”

அவள் துண்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் நான் ஆபீஸில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்மேன் வீட்டு அடுப்படிக்குக்கூடத் தகடு வைத்திருக்கிறார் என்று முதலாளி இரண்டு பேரிடம் சொன்னார். எனக்குத் தலைக்கனம் இன்னும் ஏறிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பேன், “தொட்டியா?” “தொட்டேன்” என்பாள். காலையில் கிளம்பும்போதும் கேட்பேன். அதே பதில்தான் வரும். அப்படியே ஒன்றரை மாசம் போயிற்று.

சுவிட்ச் பற்றி அவள் சொன்னதும் நடக்கத்தான் செய்தது. ஒரு நாள் பருப்பில் கிடந்த கல் மாட்டி கிரைண்டர் உறுமியது. பெல்ட் கருகுகிற வாடை. அவள் மழையில் எட்டு எட்டு ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினாள். சுவிட்சுக்கு மேலே நான் தகரக் குடை வைத்திருந்தாலும் சாரல் அடித்துப் பெட்டி நனைந்துதான் இருந்தது. ஈரக் கை, ஈரச் சுவிட்ச். அதைச் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் பெரிய குடை வைத்துவிடலாம் என்றேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆபீஸில் எர்த் குழிகளை அளந்து சர்டிபிகேட் கொடுக்க வெளியிலிருந்து ஆள் வருவார்கள். இந்தத் தடவை மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தார். இன்ஜினியர். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒவ்வொரு குழியாக உட்கார்ந்து அளந்தார். ஒரு தகட்டில் பச்சை பிடித்திருப்பதைக் காட்டி, தேய்க்கச் சொன்னார். இவர் நம்ம ரகம், வேலையில் சுத்தம் என்று எனக்குப் பிடித்துவிட்டது. மத்தியானம் அளந்த பேப்பரைக் கொடுக்கச் சூலக்கரையில் இருக்கிற சர்க்கார் ஆபீஸுக்குப் போவதாகச் சொன்னார். “போற வழியில எங்க வீட்டுல ஒரு குழி போட்டிருக்கேன் மேடம். அதையும் ஒரு தடவை அளந்து சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்” என்றேன். உண்மையைச் சொன்னால், அளப்பதற்காக நான் கூப்பிடவில்லை. அவர் பார்த்துப் பாராட்டவேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு அவருடைய காரிலேயே வந்தேன். என் மனைவி அரைத்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் கொல்லைக்கு வந்து, குழியைப் பார்த்து, “நல்லாப் போட்டிருக்கீங்க” என்றார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பிறகு தூணில் இருந்த தகட்டைப் பார்த்தார். பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி வாங்க. எதையும் தொடாம வாங்க.”

அவள் பாயிலிருந்து இறங்கி வந்தாள். இன்ஜினியர் டெஸ்டரை எடுத்துக் கிரைண்டரின் உடம்பில் வைத்தார். உள்ளே இருக்கிற சின்ன லைட் எரிந்தது. மீட்டரை எடுத்து, ஒரு முனையைக் கிரைண்டரிலும் இன்னொரு முனையைச் செம்புத் தகட்டிலும் வைத்தார். முள் இல்லாத மீட்டர், நம்பர்தான் வரும். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நூற்று எழுபது வோல்ட்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

“சுவிட்ச் எங்க சார்?”

“வெளிச்சுவர்ல.”

அவரே நடந்துபோய் அணைத்துவிட்டு வந்தார்.

“இந்தத் தகட்ட யாரு வைக்கச் சொன்னா?”

“நான்தான். ஆபீஸ்ல மாதிரி.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பொறுமையாகச் சொன்னார். “சார், ஆபீஸ்ல கரண்டு இருக்கிறது ஆளோட உடம்புல. துளியூண்டு. அதை இறக்கி விடத்தான் தகடு. இங்க கரண்டு இருக்கிறது மிஷின்ல. லைன்லருந்து வந்துக்கிட்டே இருக்கும், தீராது. மிஷினுக்கு எர்த் கொடுத்திருந்தா அது கம்பி வழியா மண்ணுக்குப் போயிருக்கும், டிரிப்பரும் இருந்தா அது விழுந்திருக்கும். நீங்க மிஷினுக்குக் கொடுக்கல. அக்கா ரப்பர் பாயில நிக்கிறவரைக்கும் அது போக வழியில்லாம நிக்குது. ஒரு கை மிஷின்ல இருக்கும்போது இன்னொரு கையைத் தகட்டுல வச்சா, வழி கிடைச்சிரும். ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா அடுத்த கையில இறங்கும்.”

நான் நின்றுகொண்டிருந்தேன். என் கண் அந்தத் தகட்டிலேயே இருந்தது.

“இப்ப ஈரத்துல கொஞ்சமாத்தான் கசியுது. அதனாலதான் சுர்ருன்னதோட விட்டிருக்கும். உள்ள இன்சுலேஷன் முழுசாப் போயிருந்தா விட்டிருக்காது.” பிறகு அவளைப் பார்த்து, “நீங்க இதைத் தினம் தொட்டீங்களா அக்கா?” என்றார்.

“தொடாம உள்ள போகவே மாட்டா. நான் தினம் கேப்பேன்” என்று நான் பதில் சொன்னேன். அந்த நேரத்திலும் நான்தான் பதில் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்து கையைச் சேலையில் துடைத்தாள். இன்ஜினியர் அவள் கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் வயர்மேன் வந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை சொன்ன நேரத்துக்கு வந்தார். அந்தக் குழியிலிருந்தே நாலடிக்கு ஒரு கம்பி இழுத்து மூன்றாவது ஓட்டைக்குக் கொடுத்தார். டிரிப்பர் மாட்டினார். அடுப்புக்கும் தண்ணீருக்கும் எட்டாத உள்சுவரில், அவள் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் தட்டுகிற உயரத்தில், மூடி போட்ட சுவிட்சை வைத்தார். கிரைண்டரை மறுபடி போட்டதும் டிரிப்பர் டப்பென்று விழுந்தது. மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் விழுந்தது. அந்தக் கிரைண்டரை அன்றைக்கே ஓரங்கட்டினோம். ‘நான் அப்பமே சொன்னேன்ல அண்ணாச்சி’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது, அவர் மேல் இல்லை.

ஆனால் நான் சொல்லவந்தது இன்ஜினியர் போன பிறகு நடந்தது. கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. ஒன்றரை மாசம். ஒரு நாளைக்குக் குறைந்தது பத்துத் தடவை அவள் அந்த வாசலில் நுழைந்திருப்பாள். அத்தனை தடவையும் நான் சொன்னேன் என்பதற்காகத் தொட்டிருப்பாள். வலிக்கிறது என்று சொன்னவளிடம் நான் சிரித்திருக்கிறேன். கொல்லைக்குப் போய் அந்த அரைச்சுவரில் உட்கார்ந்தேன்.

அவள் பாதி அரைத்த மாவைக் கையால் வழித்துக் குண்டானில் போட்டுக்கொண்டிருந்தாள். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி அதன் மேலேயே வைத்திருந்தாள்.

“எம்புட்டு வலிச்சிருக்கும் ஒனக்கு” என்றேன்.

அவள் வழித்துக்கொண்டே சொன்னாள். “நான் தொடலைங்க.”

“என்னது?”

“மொத மூணு நாளுதான் தொட்டேன். அதுக்கப்புறம் தொடவே இல்ல.”

“தினம் கேட்டேனே. தொட்டேன் தொட்டேன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

வெட்கத்தை விட்டு ஓர் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. கோபம். ஒன்றரை மாசம், காலையும் மாலையும், என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாளே என்ற கோபம். தொடாமல் உள்ளே போனவர்களை ஆபீஸில் ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் பொய் சொன்னதால்தான் என் முன்னால் உட்கார்ந்து மாவு வழித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“தொடலன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். கத்தவில்லை.

அவள் கையில் ஒட்டியிருந்த மாவைக் குண்டான் விளிம்பில் வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, தினமும் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

“சொன்னா, நீங்க பக்கத்துல நின்னு தொட வச்சிருப்பீக.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வைத்திருப்பேன். அவள் கையை என் கையால் பிடித்து, உள்ளங்கை முழுசாகப் படும்படி, அதில் வைத்து அழுத்தியிருப்பேன்.